மொய் நோட்டில் இருக்கும் தெளிவு

அன்புள்ள தங்கச்சிக்கு,

வேலை கிடைத்த சேதியோடு உன் சலிப்பையும் சேர்த்து எழுதியிருந்தாய். வருஷத்துக்கு ஆறு லட்சம் என்று அப்பா சொன்ன மறுநாளே தெரு முழுக்க அதைப் பன்னிரண்டால் வகுத்துவிட்டது. "மாசம் அம்பதாயிரம் வாங்கப் போறா" என்று பேச்சு. முதல் சம்பளம் இன்னும் கைக்கு வரவில்லை. அதற்குள் அத்தை வீட்டுக் கல்யாணத்துக்கு எவ்வளவு செய்வது, அடகில் இருக்கும் நகையை எப்போது திருப்புவது, மே மாதம் வந்து தங்கப் போகிறவர்களை எங்கே படுக்க வைப்பது என்று வீட்டில் கணக்கு ஓடுகிறது. உன்னிடம் மட்டும் யாரும் எதையும் நேராகக் கேட்கவில்லை, அதுதான் எரிச்சல் என்கிறாய். சரியான இடத்தைத்தான் தொட்டிருக்கிறாய்.

முதலில் அந்த ஐம்பதாயிரம். வேலை உத்தரவில் போடும் ஆறு லட்சம் என்பது ஓர் ஆளை வேலையில் வைத்திருக்க நிறுவனத்துக்கு ஆகும் மொத்தச் செலவு. அடிப்படைச் சம்பளம் மாதம் 25,000 ரூபாய் என்று வைத்துக்கொள். அதில் 12 சதவீதம், அதாவது 3,000 ரூபாயை, நிறுவனம் தன் பங்காக பி.எஃப். கணக்கில் கட்டும். பணிக்கொடைக்கு என்று ஏறக்குறைய 1,200 ரூபாய் ஒதுக்கும். இவை இரண்டும் பெரும்பாலும் அந்த ஆறு லட்சத்துக்குள்ளேயே அடக்கம். உன் பங்காக இன்னொரு 3,000 பிடிப்பார்கள். தொழில் வரி தனி. ஆக, தெரு சொல்லும் ஐம்பதாயிரம் உன் கைக்கு வரும்போது 42,500 பக்கம் வந்து நிற்கும். 'வேரியபிள் பே' என்று ஒரு பகுதியை வருஷக் கடைசிக்குத் தள்ளியிருந்தால் நாற்பதாயிரத்துக்கும் கீழே இறங்கும்.

இதை அப்பாவிடம் சொல்லிவிட்டு வராதே. பே ஸ்லிப்பை அவர் கையில் கொடுத்து, வரி வரியாகப் படிக்க வை. மகள் எதையோ மறைக்கிறாள் என்று பல வீடுகளில் வருகிற மனக்கசப்பு, அந்தக் காகிதத்தை யாரும் பார்க்காததால் வருவது.

பணம் என்றால் நம் வீடுகளில் குரல் தாழ்ந்துவிடுகிறது. மகனிடம் கேட்டால் கௌரவக் குறைச்சல், மருமகளிடம் கேட்டால் சண்டை, அப்பாவிடம் கேட்டால் மரியாதை இல்லை. கேட்காமலே புரிந்துகொள்ள வேண்டும் என்று எல்லோரும் எல்லோரையும் எதிர்பார்ப்பார்கள். ஆனால் இதே ஜனங்கள் மொய் எழுதும்போது எவ்வளவு கறாராக இருக்கிறார்கள், பார்த்திருப்பாய். மண்டப வாசலில் மேசை போட்டு இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் பணத்தை வாங்கி எண்ணுவார், ஒருவர் எழுதுவார். ஊர், அப்பா பெயரின் முதலெழுத்து, பெயர், தொகை. "எந்தப் பக்கம், பொண்ணு வீடா மாப்பிள்ளை வீடா?" என்று கேட்டுத்தான் நோட்டையே பிரிப்பார்கள். பத்து வருஷம் கழித்து அந்த ஊரிலிருந்து ஒரு பத்திரிகை வந்தால், பரணிலிருந்து அந்த நோட்டை இறக்கிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார்கள்.

புதுக்கோட்டை மாவட்டத்து வடகாடு, கீரமங்கலம், தஞ்சை மாவட்டத்துப் பேராவூரணி வட்டாரங்களில் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனார்கள். ஆடி மாதம் அங்கே மொய் விருந்து நடக்கும். கல்யாணம் கிடையாது, காதுகுத்து கிடையாது, பணத் தேவைதான் விசேஷம். பத்திரிகை அடித்து, பந்தல் போட்டு, கிடாக்கறிச் சோறு போடுவார்கள். ஒற்றை ஆளாக அந்தச் செலவைத் தாங்க முடியாதவர்கள் பல குடும்பங்களாகச் சேர்ந்து ஒரே பந்தலில் நடத்துவார்கள். கணக்கு மட்டும் கலக்காது, ஆளுக்கொரு நோட்டு. ஒருவர் ஏற்கெனவே 5,000 எழுதியிருந்தால், அவருடைய விருந்தில் மற்றவர் 10,000 எழுதுவார். ஐந்து பழைய பாக்கி, ஐந்து புதிய மொய். ஒரு முறை விருந்து வைத்த குடும்பம் அடுத்த முறை வைக்கப் பொதுவாக ஐந்து வருஷம் ஆகும். வட்டி இல்லை, பத்திரம் இல்லை. அந்தப் பணத்தில் போர்வெல் போட்டவர்களும் கடை வைத்தவர்களும் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்களும் அந்தப் பக்கத்தில் உண்டு. அதன் பலவீனமும் கண்ணுக்குத் தெரிந்ததுதான். 2018 நவம்பரில் கஜா புயல் அந்த வட்டாரத்துத் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. எழுத வேண்டியவரும் வாங்க வேண்டியவரும் ஒரே தோப்பை நம்பியிருக்கும் ஊரில், அப்படியொரு வருஷம் எல்லார் கையும் ஒன்றாகக் காய்ந்துவிடும்.

அந்த ஊர்க்காரர்களிடம் நீ எடுத்துக்கொள்ள வேண்டியது அவர்களுடைய கூச்சமின்மை. 'எனக்குப் பணம் தேவை, இன்ன தேதிக்கு வா, நீ தருவதை எழுதி வைத்துத் திருப்பித் தருகிறேன்' என்று பத்திரிகை அடித்தே கேட்கிறார்கள். உறவு கெட்டுப்போகவில்லை, அதில்தான் நிற்கிறது. ஆனால் நம் வீட்டுக்குள் மச்சான் அவசரத்துக்கு வாங்கிய நாற்பதாயிரத்துக்கு நோட்டும் இல்லை, தேதியும் இல்லை. மூன்று தீபாவளி கழித்து அது ஒரு சாடைப் பேச்சாக வெளியே வரும்.

அத்தை வீட்டுக் கல்யாணத்துக்கு எவ்வளவு என்று கேட்டாயே. நோட்டைப் பார், அவர்கள் நமக்கு எழுதியதைப் பார், அதற்கு மேல் நம்மால் முடிந்த புது மொய்யைச் சேர். முதல் சம்பளக்காரி என்பதற்காக யாரும் பெரிய தொகை எழுத வேண்டியதில்லை. பெரிய மொய் எழுதுவது அவர்கள் தலையிலும் கடனைத்தான் ஏற்றுகிறது, திருப்பிச் செய்ய வேண்டியவர்கள் அவர்கள்தானே.

இனி அடகு. இதில்தான் நீ நன்றாக நின்று பார்க்க வேண்டும்.

நம் ஊரில் வட்டியை மாதக் கணக்கில், நூற்றுக்கு இத்தனை ரூபாய் என்றுதான் பேசுவோம். 'ரெண்டு வட்டி' என்றால் மாதம் நூற்றுக்கு இரண்டு ரூபாய், வருஷத்துக்கு 24 சதவீதம். 'அஞ்சு வட்டி' என்றால் 60. சொல்லும்போது சின்ன எண்ணாகத் தெரிவதால்தான் வீட்டில் யாரும் பதறுவதில்லை. தண்டல் இன்னும் மோசம். பத்தாயிரம் என்று சொல்லி 8,500 கையில் கொடுத்து, தினம் நூறு ரூபாயாக நூறு நாள் வாங்குவார்கள். 1,500 ரூபாய்தானே என்று தோன்றும். ஆனால் அசல் ஒவ்வொரு நாளும் குறைந்துகொண்டே வருகிறது என்பதைச் சேர்த்துப் பார்த்தால் வருஷ வட்டி நூறு சதவீதத்தைத் தாண்டுகிறது. கந்துவட்டி, மீட்டர் வட்டி, ரன் வட்டி என்று பெயர் சொல்லியே தடை செய்த சட்டம் தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. அவசரத்தில் வாங்குகிறவர்கள் அதை நினைப்பதில்லை.

ஏசி அறையில் வாங்கிய கடன் இதைவிட யோக்கியமானது என்றும் நினைக்காதே. கிரெடிட் கார்டில் 50,000 ரூபாய் பாக்கி, மாதம் மூன்றரை சதவீத வட்டி, குறைந்தபட்சத் தொகை ஐந்து சதவீதம் என்று வைத்துக்கொள். நீ 2,500 கட்டுகிறாய். அதில் 1,750 வட்டிக்குப் போகும். அந்த வட்டிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 315 ரூபாய். அசலில் குறைவது 435 ரூபாய் மட்டும். பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் அன்றிலிருந்தே வட்டி ஏறும். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே கார்டு வேண்டுமா என்று போன் வரும். வாங்கினால் முழுத் தொகையையும் கட்ட முடிகிற அளவுக்கு மட்டும் தேய்.

நகைக் கடன் இவை எல்லாவற்றையும்விட நல்லது. வட்டி குறைவு, நகை நம்முடையது. ஆனால் வீடுகளில் நடப்பது என்ன? வருஷம் முடியும்போது வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைப்பார்கள். தங்கம் விலை ஏறியிருந்தால் கூடக் கொஞ்சம் பணமும் வாங்கிக்கொள்வார்கள். நகை பெட்டிக்குத் திரும்பியது போலவே இருக்கும், கடன் மட்டும் வளர்ந்துகொண்டு போகும். 2025 ஜூனில் ரிசர்வ் வங்கி புதிய விதிகளை வெளியிட்டது. அமலுக்கு வரக் கெடு 2026 ஏப்ரல் 1. இரண்டரை லட்சம் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை தரலாம், ஐந்து லட்சம் வரை 80, அதற்கு மேல் 75. மொத்தமாக ஒரே தவணையில் திருப்பும் கடனுக்குக் கெடு பன்னிரண்டு மாதம். கடனை முழுக்க அடைத்தபின் அன்றைக்கே, அதிகம் போனால் ஏழு வேலை நாளுக்குள், நகையைக் கொடுத்துவிட வேண்டும். அவர்கள் தவறால் தாமதமானால் ஒரு நாளைக்கு 5,000 ரூபாய் உனக்குத் தர வேண்டும். இந்த விதிகள் வங்கிக்கும் நிதி நிறுவனத்துக்கும் பொருந்தும். கடைத்தெரு அடகுக்கடைக்குப் பொருந்தாது.

அடகுச் சீட்டு எங்கே இருக்கிறது என்று அம்மாவிடம் கேள். பெரும்பாலும் பீரோவில் புடவைக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் கவரில் இருக்கும். எடை, தொகை, வட்டி, கெடு தேதி நான்கையும் பார். ஒன்றுக்கு மேல் இருந்தால் வட்டி அதிகமானதை முதலில் அடை. அம்மாவுக்கு ஆசையான நகை எது என்பது அடுத்த கேள்வி.

விருந்தாளிகள் விஷயத்துக்கு வருகிறேன். மே மாதம் ஒரு குடும்பம் பத்து நாள் வந்து தங்குகிறது. யாருக்கும் முகம் சுளிக்க மனம் வராது, வரவும் கூடாது. ஆனால் ஒன்றரை டன் ஏசி ஓர் இரவு ஓடினாலே ஆறேழு யூனிட் சாதாரணமாகப் போகும். தமிழ்நாட்டில் கரண்டு பில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. அதில் 500 யூனிட் என்பது ஒரு வாசற்படி. 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி அப்போது 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாயாக இருந்தது; 501 ஆனால் 1,958. கூடுதலான ஒரே யூனிட்டுக்கு 233 ரூபாய். காரணம், 500-ஐத் தாண்டிவிட்டால் நூற்றொன்றிலிருந்து இருநூறு வரையிலான யூனிட்டுகளுக்குக் கிடைத்த குறைந்த கட்டணம் இல்லாமல் போய்விடுகிறது. அதனால் ரீடிங் எடுக்கும் தேதியைத் தெரிந்துகொண்டு, வாரம் ஒருமுறை மீட்டரைப் பார். நெருங்கினால் எல்லோரும் ஒரே அறையில் பாய் போட்டுப் படுக்கலாம். சின்னப் பிள்ளைகளுக்கு அதைவிடக் கொண்டாட்டம் கிடையாது.

பில்லில் வராத செலவு ஒன்று இருக்கிறது. காலை ஐந்து மணிக்கு அம்மா எழுந்து ஃபில்டரில் தூளைப் போடுவாள். முதல் டோஸ் டிகாக்‌ஷன் பெரியவர்களுக்கு. அதைக் கொடுத்து முடிப்பதற்குள் இரண்டாவது ஆள் எழுந்துவிடுவார். அவருக்குச் சர்க்கரை கூடாது, அடுத்தவருக்கு டீ, பிள்ளைகளுக்குப் பூஸ்ட். கடைசி டம்ளரைக் கழுவும்போது மணி எட்டாகும், இட்லித் தட்டு காத்திருக்கும். விருந்தாளி வந்தால் ஹாலில் இருப்பவர்களுக்கு விடுமுறை, அடுப்படியில் இருப்பவளுக்கு இரட்டை ஷிப்ட். 2019-ஆம் ஆண்டு மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லா வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் 299 நிமிடம் கொடுக்கிறார்கள் என்று வந்தது. ஆண்கள் 97 நிமிடம். அந்த உழைப்புக்கு ஒரு மதிப்பு உண்டு என்பதால்தான் 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கிய மாதம் ஆயிரம் ரூபாய்த் திட்டத்துக்கு 'மகளிர் உரிமைத் தொகை' என்று பெயர் வைத்தார்கள்.

உன் சம்பளத்தில் முதல் பங்கை அம்மாவின் இந்த வேலையைக் குறைக்கக் கொடு. புடவை பிறகு எடுக்கலாம். விருந்தாளி இருக்கும் பத்து நாளும் பாத்திரம் தேய்க்க ஆள் வைக்கலாம், மாவைக் கடையில் வாங்கலாம், ராத்திரிச் சாப்பாட்டை ஒரு நாள் விட்டு ஒரு நாள் மெஸ்ஸில் சொல்லிவிடலாம். தம்பியிடம் காப்பிப் பொறுப்பை முழுசாக ஒப்படை. மாமாவும் அத்தையும் நம் மனுஷர்கள். "அத்தை, காய் நறுக்கித் தாங்களேன்" என்று கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். சும்மா உட்கார்ந்திருப்பது அவர்களுக்குந்தான் சங்கடம்.

அலுவலகத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கு இல்லை. வேலை மாறும்போது பி.எஃப். பணத்தை எடுத்து நகைக் கடனை அடைக்கச் சொல்லி வீட்டில் கேட்பார்கள். அன்புடன் மறுத்துவிடு. பழைய கணக்கைப் புதிய கணக்குக்கு மாற்றினால் பணத்துக்கு வட்டி ஏறுவதோடு உன் பணிக்காலமும் தொடரும். சேமிக்கச் சீட்டுப் போட வேண்டும் என்று யாராவது கூப்பிட்டால், 1982-ஆம் ஆண்டு சீட்டு நிதிச் சட்டப்படி பதிவான சீட்டா என்று கேள். நடத்துபவருக்கு ஏழு சதவீதத்துக்கு மேல் கமிஷன் கிடையாது. தெரிந்தவர்தான், பதிவெல்லாம் எதற்கு என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடு.

இவ்வளவையும் ஒரே நாளில் வீட்டில் கொட்டாதே. அப்பா பயந்துபோவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு நால்வரும் உட்காருங்கள். வருவது எவ்வளவு, வட்டிக்குப் போவது எவ்வளவு, இந்த வருஷம் வரப்போகும் செய்முறைகள் எவை, நீ மாதம் வீட்டுக்குத் தரப்போவது எவ்வளவு, உனக்கென்று வைத்துக்கொள்வது எவ்வளவு. தொகையை வாய்விட்டுச் சொல், பக்கத்திலேயே எழுது. உனக்கென்று வைப்பதைச் சொல்லும்போது தலையைக் குனியாதே. தம்பி வேலைக்குப் போனாலும் இதே கணக்குத்தான் என்று அன்றைக்கே பேசி முடித்துவிடு.

அதற்கு முன், இந்த வாரமே ஒரு காரியத்தை முடி. உன் பி.எஃப். கணக்கின் இணையப் பக்கத்தில் ஆதாரை இணைத்து, அப்பா அம்மா பெயரை நாமினியாகப் பதிவு செய். வீட்டிலிருந்தே செய்துவிடலாம். கல்யாணத்துக்குப் பிறகு அதை மறக்காமல் புதுப்பிக்க வேண்டும்.

அன்புடன்,
அக்கா