கிணற்று நீரின் உவர்ப்பைக் கைத்தொலைபேசியில் அறிவோம்

2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை, சாய்ந்தமருது உள்ளிட்ட கிழக்குக் கரையோரக் கிணறுகளில் கடல்நீரை நிரப்பியது. துப்புரவு செய்ய மீண்டும் மீண்டும் இறைத்த இடங்களில் அடியிலிருந்த உவர்நீர் மேலேறியது. ஆகவே அளந்த பின்பே இறைக்க வேண்டும்.

2017 இல் வெளிவந்த 'ரஸ்பெரி பை சீரோ டபிள்யூ' என்னும் சிறு கணினி இதற்கு உதவும். இணையம் வேண்டாம்; அதிலுள்ள புளூடூத் போதும்.

1. உவர்ப்புக் கூடினால் நீர் மின்சாரத்தைக் கூடுதலாகக் கடத்தும். அதை அளக்கும் உணரியை நீரில் இறக்குவோம்.

2. உணரி தருவது மின்னழுத்தம். கணினிக்கு வேண்டியது இலக்கம். மாற்றித் தரும் சில்லு ஒன்றை இடையில் பொருத்துவோம்.

3. லினக்சின் 'புளூசெட்' மென்பொருளால் கணினியைத் துணைச் சாதனமாக அமைப்போம். அது தன் பெயரை அறிவித்துக் காத்திருக்கும். தேடி வந்து இணைவது கைத்தொலைபேசியே.

4. அளவீட்டுக்கு ஓர் அடையாள எண் கொடுத்து, வாசிக்க மட்டும் அனுமதிப்போம்.

5. நல்ல நீரிலும் உப்புக் கரைசலிலும் வைத்துச் சரிபார்ப்போம்.

இக்கருவி உவர்ப்பை மட்டுமே காட்டும், நோய்க்கிருமிகளைக் காட்டாது. குடிநீரைக் கொதிக்க வைத்தே பருகுவோம்.

இடம்பெயர்ந்து வந்த நமக்கு ஒரு கிணறு கெட்டால் ஒரு போகம் போகும். இலக்கம் ஏறினால் இறைப்பதை நிறுத்துவோம்.

கலந்துரையாட: நமது கிணற்றின் அளவை நாள்தோறும் குறித்து வைப்பவர் யார்?