நீல டிரம்மில் கத்தரி

சித்திரை வெயிலில் சின்னத் தொட்டிக்குக் காலையில் ஊற்றிய தண்ணீர் மத்தியானம்வரைகூடத் தாங்காது. பாதி டிரம்மில் மண் அதிகம். ஒரு நாள் ஊருக்குப் போய் வந்தாலும் கத்தரி தலை தொங்காது. அதற்காகவே மொட்டை மாடியில் பழைய 200 லிட்டர் நீல டிரம்களுக்கு மாறினேன்.

வாங்கும்போது முன்பு உள்ளே என்ன இருந்தது என்று கேளுங்கள். சமையல் எண்ணெய், பழக்கூழ் என்றால் சரி. "ஏதோ கெமிக்கல் சார், நல்லா கழுவிட்டோம்" என்றால் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். பிளாஸ்டிக்கில் ஊறியது சோப்புக்குப் போகாது.

குறுக்கே அறுத்தால் ஒன்றரை அடி ஆழத்தில் இரண்டு தொட்டி. கத்தரி, தக்காளி, பந்தலேறும் பீர்க்கைக்கு அது. நெடுக்கே அறுத்தால் கீரைக்கும் முள்ளங்கிக்கும் ஆகும். ஆனால் உருளும், இருபுறமும் செங்கல் முட்டுக் கொடுக்க வேண்டும்.

பாரத்தைப் பலரும் நினைப்பதில்லை. பாதி டிரம்மில் வெறும் மண்ணை நிரப்பித் தண்ணீர் விட்டால் 150 கிலோவைத் தாண்டும். "தளத்துக்கு நடுவுல வைக்காதீங்க சார், பீம் போற இடத்துல ஓரமா வைங்க" என்றார் எங்கள் கொத்தனார். பழைய கட்டடம் என்றால் பொறியாளரைக் கேட்காமல் வைக்கவே கூடாது.

அடியில் ஜல்லி போட்டால் தண்ணீர் வடியும் என்று நர்சரிக்காரர் முதல் எதிர்வீட்டு மாமி வரை சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மேல்மண் முழுக்க ஊறிய பிறகுதான் நீர் ஜல்லிக்குள் இறங்கும். அதுவரை ஈரம் வேரடியிலேயே நிற்கும். பாரமும் வீணாகக் கூடும். நான் கால்வாசி உயரத்துக்குத் தேங்காய் மட்டை அடுக்குகிறேன். மட்கி மண் இறங்கும்போது மேலே உரம் சேர்த்தால் போயிற்று. அடியில் விரல் பருமனில் ஆறேழு ஓட்டை, கீழே செங்கல். தளம் காய்ந்தே இருக்கும்.

மேலே செம்மண், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் சம அளவு. கூட ஒரு கை வேப்பம் புண்ணாக்கு. நார்க்கழிவில் உப்பு இருக்கும், இரண்டு மூன்று தண்ணீரில் அலசிவிட்டுக் கலக்க வேண்டும். மண் தெரியாதபடி சருகு மூடாக்கு. மேற்கு வெயில் படும் பக்கத்தில் சாக்கு.

ஆடியில் கத்தரி போட்ட டிரம்மில் தையில் தக்காளி வைப்பதில்லை. இரண்டும் ஒரே குடும்பம், வாடல் நோய் மண்ணிலேயே காத்திருக்கும். அதில் கொத்தவரை போடுகிறேன். வீட்டில் மிளகாய் கேட்கிறார்கள். அதுவும் அதே குடும்பம்தான், கீரை எடுத்த டிரம்முக்குப் போகட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.