ஓரணு உயிர்களும் நீரின் அளவும்

தீபாவளிக்குத் துணிமணி வாங்கச் சிங்கப்பூரின் சிராங்கூன் சாலைக்குச் சென்றுவந்த அன்பர்கள், லிட்டில் இந்தியாவின் ஓரமாகச் செல்லும் ரோச்சோர் கால்வாயைக் கண்டிருப்பர். அதன் நீர் காலாங் வழியாக மரினா நீர்த்தேக்கத்தை அடைகிறது. முன்பு அங்கே கடல் ஏறும்பொழுது உப்புநீர் உட்புகும். 2008ஆம் ஆண்டில் மரினா அணைக்கட்டு திறக்கப்பட்டுக் கடல்நீர் தடுக்கப்பட்டது. மழைநீர் சிறுகச் சிறுக உப்பை வெளியேற்ற, 2010இல் அது நன்னீர்த் தேக்கமாயிற்று. மக்களுக்கு அது குடிநீர். உப்புநீருக்குப் பழகிய நுண்ணுயிர்களுக்கோ உயிர்ப்போராட்டம்.

ஏன்? உப்பிட்ட மாங்காய் நீர் விடுகிறது. நீரிலிட்ட உலர்ந்த திராட்சை பருக்கிறது. கரைபொருள் மிகுந்த பக்கம் நோக்கி, மெல்லிய சவ்வைக் கடந்து நீர் செல்வதே காரணம். இதனைச் சவ்வூடு பரவல் என்பர்.

ஒரே உயிரணுவால் ஆன அமீபாவும் பரமீசியமும் நன்னீரில் வாழ்வன. அவற்றின் உடலில் உப்பு மிகுதி. ஆகவே வெளிநீர் ஓயாது உள்ளே வரும். தடுக்காவிடில் உடல் வீங்கி வெடித்துவிடும். ஒழுகும் படகில் நீர் இறைப்பவனைப்போல, சுருங்கும் நுண்குமிழ் என்னும் உறுப்பு நீரைச் சேர்த்துச் சேர்த்து வெளியே தள்ளுகிறது. பரமீசியத்திற்கு இத்தகைய குமிழ்கள் இரண்டு. தன் உடலின் பருமனளவு நீரை ஒரு மணி நேரத்திற்குள் அது இறைத்துவிடும்! சுற்றியுள்ள நீரில் உப்பு ஏறினால் நீர்வரத்துக் குறையும். குமிழும் வேகம் தணியும். கடல்வாழ் அமீபாக்கள் பலவற்றுக்கு இக்குமிழே இல்லை. உப்பளங்களில் வாழும் டுனலியெல்லா என்னும் பாசியின் வழி வேறு. அது தன்னுள் கிளிசரினை உண்டாக்கி, வெளியுப்புக்கு ஈடுகொடுத்து, நீரை இழக்காமல் காத்துக்கொள்கிறது. மாற்றம் மெதுவாக வந்தால் சில உயிர்கள் பழகிக்கொள்ளும். திடீரென வந்தால் பெரும்பாலானவை மடியும்.

இது குளத்து உயிர்களின் கதை மட்டுமன்று. விடியுமுன் பால் வெட்டச் செல்கிறோமே, அதற்கும் இதுவே காரணம். இரவில் மரத்தின் பால்குழாய்கள் சவ்வூடு பரவலால் நீரை ஈர்த்து விம்மி நிற்கும். அப்பொழுது அவற்றினுள் உள்ள அழுத்தம் காற்றழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 10 மடங்கு. வெயில் ஏற ஏற இலைகள் நீரை ஆவியாக்க, அழுத்தம் தாழ்ந்து பால் குறைகிறது. வெட்டியதும் பால் பீறிட, அண்டை உயிரணுக்களிலிருந்து நீர் புகுந்து பாலை நீர்க்கச் செய்கிறது. பாலில் மிதக்கும் லூட்டாய்டு என்னும் நுண்பைகளும் சவ்வால் ஆனவையே. அவை வெட்டுவாயருகே உடைந்து பாலை உறையச் செய்ய, குழாய் அடைபடுகிறது. மங்கில் சொட்டு நிற்பது அப்பொழுதுதான்.