அக்கா அனுப்பிய குளிசை

கேள்வி: வயது 53. மாதவிடாய் நின்று இரண்டு வருடம். இரவில் உடம்பு கொதித்து வியர்க்கிறது. பிரஷருக்கும் மருந்து எடுக்கிறேன். கனடாவிலுள்ள அக்கா தான் பாவிக்கும் ஓமோன் குளிசையை அனுப்பியிருக்கிறா. போடலாமா?
- வாசகி, கிளிநொச்சி

பதில்: இப்போதைக்குப் போடாதீர்கள், அம்மா. பிரஷர் உள்ளவர் ஓமோனைத் தொடவே கூடாது என்றில்லை; பிரஷர் கட்டுப்பாட்டில் இருந்தால் வைத்தியர் தரக்கூடும். வில்லங்கம் குளிசையில்தான். விழுங்கும் ஓமோனான ஈஸ்ட்ரோஜன் நேரே ஈரலுக்குப் போக, பிரஷரைக் கூட்டும் புரதம் ஒன்றை ஈரல் அதிகம் சுரக்கிறது. தோலில் ஒட்டும் பட்டைக்கும் பூசும் ஜெல்லுக்கும் அந்தச் சிக்கல் குறைவு. அக்காவின் கனடாவிலேயே, அல்பேர்ட்டாவில், ஓமோன் எடுத்த 1,12,000க்கு மேற்பட்ட பெண்களின் தரவுகளை ஆராய்ந்து 2023இல் வெளியிட்டார்கள். தோல்வழி எடுத்தவர்களைவிடக் குளிசை எடுத்தவர்களுக்குப் பிரஷர் வரும் வாய்ப்பு 14 வீதம் கூட.

இன்னொன்று: கர்ப்பப்பை உள்ளவர் ஈஸ்ட்ரோஜனைத் தனியே எடுத்தால் கர்ப்பப்பைப் புற்றுநோய் ஆபத்து கூடும். அக்காவுக்குக் கர்ப்பப்பை எடுத்தாயிற்றா என்றும் கேளுங்கள்; எடுத்திருந்தால் அவவின் குளிசை தனி ஈஸ்ட்ரோஜனாக இருக்கலாம். பக்கவாதம், இரத்தக்கட்டி, மார்புப் புற்றுநோய் உங்களுக்கு முன்பு வந்திருந்தால் வைத்தியரிடம் மறைக்க வேண்டாம். பிரஷருக்காக, உப்புக் கூடிய கருவாட்டையும் ஊறுகாயையும் குறையுங்கள். பிரஷர் குளிசையை நீங்களாக நிறுத்தாதீர்கள். அக்கா அனுப்பிய குளிசைப் பெட்டியையும் கிளினிக் கொப்பியையும் எடுத்துக்கொண்டு மாவட்டப் பொது வைத்தியசாலையில் மகப்பேற்று, பெண்நோயியல் வைத்தியரைப் பாருங்கள்.