அத்திப்பள்ளிக்கு அப்பால் மலிவு என்னும் பிரமை

புதிய விளையாட்டுக் கன்சோல் ஒன்று சந்தைக்கு வந்தால், அதன் திரை எப்படி, வேகம் எப்படி, அதில் ஆடத்தக்க ஆட்டங்கள் எவை என்று விசாரிப்பதுதான் எந்த ஊரிலும் வழக்கம், நம்முடைய ஓசூரில் மட்டும் அந்த விசாரணைகளையெல்லாம் பிற்பாட்டுக்கு ஒதுக்கிவிட்டு, "பெங்களூரில் வாங்கினால் டாக்ஸ் கம்மியாமே?" என்ற ஒரே கேள்வியை முதலில் கேட்கிறார்கள். 2025 ஜூன் 5 அன்று நின்டெண்டோ கம்பெனியார் தங்களுடைய ஸ்விட்ச் 2 என்னும் பெட்டியை வெளியிட்ட நாள் முதலாக, சிப்காட் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் வாலிபர்களும், அவர்களுடைய தகப்பனார்களும், ஏன், கணக்கு வழக்கில் கைதேர்ந்த வியாபாரிகள் சிலரும்கூட, இதே கேள்வியை என்னிடம் கேட்டு அலுக்கவில்லை. கர்நாடகத்தில் வரி குறைவாம். எல்லையிலுள்ள அத்திப்பள்ளியைத் தாண்டி வாங்கி வந்தால் ஐயாயிரம் ரூபாய் மிச்சமாம். வரி விவகாரங்களிலேயே தலை நரைத்துப்போன எனக்கு, இதற்கு ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பதில் சொல்லும் பொறுமை தீர்ந்துவிட்டது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். கன்சோலின் விலை வரி உட்பட 50,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 18 சதவீத வீதத்தில் அதற்குள் அடங்கியிருக்கும் வரி 7,627 ரூபாய். அதில் சரிபாதி மத்திய சர்க்காருக்குப் போகிறது. மறுபாதியான 3,813 ரூபாய்ச் சொச்சம் மாநிலத்துக்கு. கர்நாடக சர்க்கார் ஏதோ தயாள குணத்தினால் தன் பங்கை முழுவதுமே விட்டுக்கொடுத்துவிடுகிறது என்று ஒரு பேச்சுக்கு ஒப்புக்கொண்டாலும், மிச்சமாகக்கூடியது நாலாயிரத்தை எட்டாது. ஐயாயிரம் மிச்சம் என்று அடித்துச் சொல்லுகிறவர்கள் இந்தச் சின்ன வகுத்தலைக்கூடப் போட்டுப் பார்த்ததில்லை.

அப்படி விட்டுக்கொடுக்கும் அதிகாரமும் எந்த மாநிலத்துக்கும் இல்லை. 2017 ஜூலை 1 அன்று சரக்கு சேவை வரி அமலுக்கு வந்தபோது விளையாட்டுக் கன்சோல்களின் மேல் 28 சதவீதம் விதித்தார்கள்; 2018 டிசம்பரில் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில் அதை 18 ஆகக் குறைக்க, 2019 ஜனவரி 1 முதல் அந்த வீதம் நடைமுறைக்கு வந்தது. 2025 செப்டம்பர் 22 அன்று வீதங்களை வெகுவாக மாற்றியமைத்தபோது, 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டெலிவிஷன்கள் 28லிருந்து 18க்கு இறங்கின. கேரம் பலகையும் சதுரங்கப் பலகையும் 12லிருந்து 5க்கு இறங்கின. கன்சோல் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. இந்த வீதக் குறைப்புகள் எல்லாம் காஷ்மீரத்துக்கும் கன்னியாகுமரிக்கும் ஒரே தேதியில், ஒரே அளவில் வந்தவை. தமிழ்நாட்டில் ஒன்பதும் ஒன்பதும் என்றால் கர்நாடகத்திலும் ஒன்பதும் ஒன்பதும்தான்.

"அப்படியானால் நான் அங்கே போய் வாங்கினால் எந்த மாநிலத்து வரி?" என்று சற்று விவரம் தெரிந்தவர்கள் மடக்குவதுண்டு. நல்ல கேள்வி, பதில்தான் அவர்களுக்கு உவப்பாக இராது. பெங்களூர்க் கடைக்காரர் போடும் பில்லில் உங்கள் ஓசூர் விலாசத்தைப் பதிவு செய்தால், 2023 அக்டோபர் 1 முதல் உள்ள விதிப்படி அது மாநிலம் விட்டு மாநிலம் போகும் விற்பனையாகக் கருதப்பட்டு, ஐ.ஜி.எஸ்.டி. என்ற பெயரில் முழுதாக 18 சதவீதம் வசூலாகும். விலாசத்தைப் பதிவு செய்யாமல் விட்டால், ஒன்பதும் ஒன்பதுமாகப் பிரிந்து வசூலாகும். வரி எந்தக் கஜானாவுக்குப் போய்ச் சேருகிறது என்பதில்தான் பேதம். உங்கள் சட்டைப்பையிலிருந்து போவதில் ஒரு நயா பைசா வித்தியாசமில்லை.

வதந்திக்கும் ஒரு பூர்வோத்தரம் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. மதிப்புக் கூட்டு வரியைக் கர்நாடகம் 2005 ஏப்ரல் 1 அன்றே ஏற்றுக்கொள்ள, தமிழ்நாடு 2007 ஜனவரி 1 அன்றுதான் ஏற்றுக்கொண்டது. இடைப்பட்ட காலத்தில் எல்லையின் இரு பக்கமும் இரு வேறு வரி முறைகள் நிலவின. அதற்குப் பிறகும் தத்தம் வீதங்களை அந்தந்த மாநிலமே நிர்ணயித்துக்கொண்டது. ஜூஜூவாடியில் வணிகவரிச் சோதனைச் சாவடியின் முன் லாரிகள் வரிசை கட்டி நின்ற காலத்தை மறக்காதவர்களுக்கு, எல்லை என்றாலே வரி மாறும் என்ற எண்ணம் ரத்தத்தில் ஊறியிருப்பது இயல்பே. போதாக்குறைக்குப் பெட்ரோல், டீசல், மதுபானம் மூன்றும் இன்றளவும் ஜி.எஸ்.டி.க்கு வெளியே நிற்பதனால், அவற்றின் விலை மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. வண்டியின் சாலை வரியும் அப்படியே. இவற்றைத் தினசரி கண்ணால் காண்கிறவர், கன்சோலும் அந்த ஜாதியில் சேர்ந்தது என்று அனுமானித்துக்கொள்கிறார். அனுமானத்தை மன்னித்துவிடலாம், எட்டு வயதுக் குழந்தையும் பில்லை எடுத்துப் படித்துத் தெளிந்துகொள்ளக்கூடிய விஷயத்தில், பில்லையே பார்க்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடிப்பதை மன்னிக்க முடியவில்லை.

இதற்கு மேலும் அத்தாட்சி வேண்டுவோர் பிளேஸ்டேஷன் 5 விஷயத்தை நினைத்துப் பார்க்கலாம். சோனி கம்பெனியார் 2021 பிப்ரவரி 2 அன்று அதை இந்தியாவில் முறைப்படி வெளியிட்டபோது, டிஸ்க் போடும் பெட்டி 49,990 ரூபாய், டிஸ்க் இல்லாதது 39,990 ரூபாய் என்று அறிவித்தார்கள். எல்லா வரிகளும் உட்பட்ட அந்த அதிகபட்ச விலை ஓசூர் காந்தி சிலைக்கும் பெங்களூர் மெஜஸ்டிக்குக்கும் ஒன்றேதான்.

அப்படியிருக்க, பெங்களூரில் ஒரு கடைக்காரர் மெய்யாகவே ஐயாயிரம் குறைத்துச் சொன்னாரே, அது எப்படி? நான் சொல்ல விரும்புகிற பிரதானமான சங்கதி இங்கேதான் இருக்கிறது. நின்டெண்டோ கம்பெனியார் ஸ்விட்ச் 2 பெட்டியை இந்தியாவில் முறைப்படி வெளியிடவில்லை. ஆகவே இங்கே கிடைப்பதெல்லாம், துபாயிலிருந்தோ, சிங்கப்பூரிலிருந்தோ, ஜப்பானிலிருந்தோ யாரோ ஒருவர் தருவித்தது. அதற்கு அச்சிட்ட இந்திய விலை கிடையாது. வாங்கிய விலை, வந்த வழி, கட்டிய சுங்கத் தீர்வை, கட்டாத சுங்கத் தீர்வை ஆகிய இவற்றையெல்லாம் பொறுத்து விலை ஏறியும் இறங்கியும் நிற்கும். சுங்கம் மத்திய சர்க்காரின் இலாகா. அதற்கு ஓசூரும் தெரியாது, ஆனேக்கல்லும் தெரியாது. பெரிய நகரத்தில் கடைகள் அதிகம், போட்டி அதிகம், ஆகவே நூறு, ஐந்நூறு குறையலாம். அதற்கு மேல் குறைந்தால் காரணம் இரண்டில் ஒன்றுதான்.

முதலாவது காரணம், பெட்டியே வேறு. ஜப்பானில் இந்தக் கன்சோலை இரண்டு விதமாக வெளியிட்டார்கள்: ஜப்பானிய மொழி ஒன்றை மட்டுமே காட்டுகிற, ஜப்பான் தேசத்துக் கணக்கு வைத்திருப்பவர் மட்டுமே இணைத்துக்கொள்ளக்கூடிய பெட்டி 49,980 யென்; எல்லா மொழிகளையும் ஏற்கும் பெட்டி 69,980 யென். இரண்டுக்கும் நடுவே இருபதாயிரம் யென். தங்கள் தேசத்து ஜனங்களுக்குச் சகாய விலையில் கொடுத்து, வெளிநாட்டார் அதை அள்ளிக்கொண்டு போகாமலிருக்க அந்தக் கம்பெனி செய்த ஏற்பாடு அது. அந்த மலிவுப் பெட்டியை வாங்கி வந்து திறந்து பார்த்துவிட்டு, மெனு முழுவதும் ஜப்பானிய எழுத்தாக இருக்கிறதே என்று விழிக்கிறவரிடம், "கர்நாடகத்தில் டாக்ஸ் கம்மி" என்று யார் சொன்னார்களோ அவர்களையே போய்க் கேளுங்கள் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

இரண்டாவது காரணம், பில் இல்லாத வியாபாரம். "பில் வேண்டாமென்றால் குறைத்துத் தருகிறேன்" என்ற அந்த மந்திர வாக்கியத்தை அத்திப்பள்ளிக்கு அந்தப் புறத்திலும் சொல்லுகிறார்கள், இந்தப் புறத்திலும் சொல்லுகிறார்கள். அப்படி வாங்குகிறவர் வரியை மிச்சப்படுத்தவில்லை. அந்தப் பெட்டி நியாயமாக வந்ததா, களவாக வந்ததா, புதியதா, எங்கேயோ பழுதாகி மூடி ஒட்டப்பட்டதா என்று பின்னால் நிரூபிக்கும் ஒரே சாதனத்தைக் காசு வாங்கிக்கொண்டு விற்றுவிட்டார். பழுது பார்க்கக் கம்பெனியின் நிலையம் இந்நாட்டில் இல்லாத ஒரு பொருளுக்கு, விற்ற கடைக்காரரின் பொறுப்பு ஒன்றுதான் ஆதாரம்; அந்தப் பொறுப்புக்கு எழுத்து மூலமான சாட்சி பில். இருநூறு ரூபாய்க்குக் குறைந்த சாமான் என்றால் நாம் கேட்காதவரை பில் கொடுக்காமல் இருக்கக் கடைக்காரருக்குச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஐம்பதாயிரத்தை ஒட்டிய சாமானுக்கு அந்தச் சலுகை எந்தச் சட்டத்தில் இருக்கிறது? வரிக்கு முந்தைய மதிப்பு 50,000 ரூபாயும் அதற்கு மேலும் ஆனால், வாங்குபவரின் பெயரையும் விலாசத்தையும் பில்லில் எழுதியே தீரவேண்டும். அதற்குக் குறைந்தால், நாம் கேட்டால் எழுதவேண்டும்.

நான் கேட்கச் சொல்லுகிறேன். பெங்களூரிலேயே வாங்குவது என்று தீர்மானித்தவர்கள், போய் வாங்குங்கள், ஆக்ஷேபணை இல்லை. ஆனால் ஓசூர் விலாசத்தைச் சொல்லிப் பதியச் செய்யுங்கள். அப்படிச் செய்தால் ஐ.ஜி.எஸ்.டி.யில் மாநிலத்துக்குரிய பாதி தமிழ்நாட்டுக் கஜானாவுக்கு வந்து சேரும். பாகலூர் சாலையின் பள்ளங்களைப் பற்றி மணிக்கணக்கில் அங்கலாய்க்கிற அதே மனிதர், விலாசம் சொல்ல அரை நிமிஷம் செலவழிக்க மனமில்லாமல் மூவாயிரத்துச் சொச்சத்தை அடுத்த மாநிலத்துக்குத் தானம் செய்துவிட்டு வருவதை நான் எத்தனையோ தடவை பார்த்தாயிற்று.

பெட்டியைப் பற்றியும் நாலு வார்த்தை சொல்லவேண்டும் அல்லவா? உறவுக்காரப் பையன் ஒருவன் வாங்கி வந்ததை நானும் கையில் எடுத்துப் பார்த்தேன். திரை 7.9 அங்குலம், பழைய ஸ்விட்சின் 6.2 அங்குலத்தோடு ஒப்பிட்டால் என் வயதுக் கண்களுக்கு இது பெரிய உபகாரம். இரு பக்கத்துக் கன்ட்ரோலர்களும் முன்போலத் தண்டவாளத்தில் வழுக்கி நுழையாமல் காந்தத்தால் 'டக்'கென்று ஒட்டிக்கொள்ளும் அழகுக்காகவே அவற்றைக் கழற்றிக் கழற்றி மாட்டத் தோன்றுகிறது. அவற்றை மேஜையின் மேல் கவிழ்த்து மௌஸ் போல நகர்த்தவும் செய்யலாம். ஆனால் 2021இல் வந்த ஓஎல்இடி ஸ்விட்சின் திரையில் இருட்டு இருட்டாகத் தெரிந்தது. இதில் எல்சிடி ஆகையால் அந்த அடர்த்தி இல்லை. பாட்டரி இரண்டு மணி முதல் ஆறரை மணி வரை நிற்கும் என்பது கம்பெனியாரின் மதிப்பீடு. கனமான ஆட்டமானால் பஸ் சேலம் போய்ச் சேருவதற்குள் கண்ணை மூடிக்கொண்டாலும் ஆச்சரியமில்லை.

சில்லறை வதந்திகளுக்கு அதிக நேரம் செலவிடப் போவதில்லை. வெளிநாட்டுச் சார்ஜர் நம்முடைய 230 வோல்ட்டில் எரிந்துவிடும் என்பது பொய். அந்த அடாப்டர் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும், பிளக்கின் முனைதான் மாறவேண்டும். ஸ்டெபிலைசர் வாங்கித் தலையில் கட்டுகிறவரிடம் ஏமாறவேண்டாம். பழைய மெமரி கார்டைப் போட்டால் ஆட்டங்களைச் சேமிக்கலாம் என்பதும் பொய். மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ் என்ற புதிய ரகம் வேண்டும். ஆட்டம் அடங்கிய அட்டையை வாங்கிவிட்டால் இன்டர்நெட் வேண்டாம் என்பது பாதி மெய். சில ஆட்டங்களின் அட்டையில் சாவி மட்டுமே இருக்கும், ஆட்டத்தை இறக்கித்தான் ஆகவேண்டும். திரையின் மேல் உள்ள மெல்லிய படலத்தைப் புது போனில் உரிப்பதுபோல உரித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கையைப் பிடித்துத் தடுங்கள்; கண்ணாடி சிதறாமலிருக்க ஒட்டியது அது. கேம் என்றாலே 40 சதவீத வரி என்பது, பணம் வைத்து ஆடும் ஆன்லைன் சூதாட்டத்துக்குரிய வீதத்தைக் கன்சோலின் தலையில் ஏற்றிய குழப்பம். ஓசூர்ப் பக்கத்து டாட்டா எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையிலேயே இந்தப் பெட்டி தயாராகிறது, ஆள் தெரிந்தால் தொழிற்சாலை விலைக்குக் கிடைக்கும் என்கிறவர்களும் இருக்கிறார்கள். அங்கே செய்வது ஐபோனும் அதற்குரிய உறுப்புகளும், ஸ்விட்ச் 2 பெட்டி வருவது சீனாவிலிருந்தும் வியட்நாமிலிருந்தும்.

கடைக்குள் காலெடுத்து வைக்கும் முன் இன்னொரு காரியம் செய்யலாம். பதிவு பெற்ற ஒவ்வொரு வியாபாரியும் தம் ஜி.எஸ்.டி. எண்ணை வாசல் பெயர்ப் பலகையிலும், பதிவுச் சான்றிதழைக் கடைக்குள் கண்ணில் படும் இடத்திலும் வைக்கவேண்டும் என்பது விதி. காம்போசிஷன் என்னும் இணக்க முறையில் பதிந்த சிறு வியாபாரியானால் அதையும் பலகையில் தெரிவிக்கவேண்டும், அவர் உங்களிடம் தனியாக வரி வசூலிக்கவும் கூடாது. நான் போகிற கடைகளில் பெரும்பாலும் அந்தச் சான்றிதழ் நாட்காட்டிக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. நாட்காட்டியைக் கொஞ்சம் விலக்கச் சொல்லுங்கள். விலக்க மறுக்கிற கடையில், ஐயாயிரமல்ல, பத்தாயிரம் குறைத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.