முதலில் எட்டு போடு, தம்பி



நீ அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். புகை அமோகம். பின்னணிப் பாட்டும் பொருத்தம். ஆனால் என் கண் போனது உன் கைகள் மேல். காரின் பின்பக்கம் வெளியே தள்ளியதும் ஸ்டீரிங்கை இறுக்கிப் பிடித்து, கைக்கு மேல் கை போட்டு அவசர அவசரமாகத் திருப்புகிறாய். நீ திருப்பி முடிப்பதற்குள் வண்டி அரைவட்டம் அடித்து, வந்த வழியைப் பார்த்து நின்றுவிட்டது. கூட இருந்த பையன்கள் விசில் அடிக்கிறார்கள். வண்டி சறுக்கியது உண்மை. ஓட்டியது யார் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. எல்லாரும் அங்கேதான் ஆரம்பிக்கிறார்கள். எந்த வண்டி வாங்கலாம், எத்தனை குதிரைத்திறன் வேண்டும், ஜப்பானுக்குப் போய்க் கற்றுக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறாய். சொல்கிறேன். அதற்கு முன்னால் நீ கேட்காத ஒன்று: டிரிஃப்டில், அதாவது இந்தச் சறுக்கல் ஓட்டத்தில், ஜெயிப்பது என்றால் என்ன?

மற்ற கார் பந்தயங்களில் கடிகாரம் தீர்ப்புச் சொல்லும். சறுக்கலும் ஒரு காலத்தில் கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டதுதான். குனிமிட்சு தகாஹாஷி முதலில் பைக் ஓட்டியவர். 1961இல் மேற்கு ஜெர்மனியின் ஹாக்கன்ஹைமில் ஹோண்டா ஓட்டி ஜெயித்து, மோட்டார் சைக்கிள் கிராண்ட் பிரீயை வென்ற முதல் ஜப்பானியரானார். பிறகு காருக்கு மாறி, 1970களில் நிஸான் ஸ்கைலைனை வளைவுக்கு வளைவு பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே ஓட்டினார். அன்றைய குறுக்கு இழை டயர்கள் கொஞ்சம் சறுக்கினாலும் பிடியை ஒரேயடியாக விட்டுவிடாதவை. அதனால் பின்பக்கத்தைத் தள்ளியபடியே வேகத்தைக் காப்பாற்ற முடிந்தது. பார்க்க வந்த கூட்டத்துக்கு அது திருவிழா. அப்புறம் டயர்கள் நல்லதாயின. சறுக்கினால் நேரம் வீண் என்றாகிவிட்டது. கடிகாரம் சறுக்கலைக் கைகழுவிவிட்டது. கூட்டம் கைகழுவவில்லை.

அந்தக் கூட்டத்தில் ஒருவர்தான் கெய்ச்சி சுச்சியா. நாகானோ மாகாணத்துக்காரர், மலைப்பாதைகளில் பழகியவர். 1987இல் வந்த ‘பிளஸ்பி’ என்ற வீடியோவில் டொயோட்டா ஏஇ86 வண்டியை மலைவளைவுகளில் அவர் ஓட்டியதைப் பார்த்துத்தான் ஒரு தலைமுறையே கெட்டுப்போனது. அதே மனிதர்தான் ‘ஆப்ஷன்’ பத்திரிகையின் டைஜிரோ இனாடாவுடன் சேர்ந்து மலைப்பாதையில் சறுக்கிய ஆட்களை ரேஸ் டிராக்குக்குள் கூட்டிவந்தார். 2001 முதல் அது டி1 கிராண்ட் பிரீ என்ற போட்டித் தொடர். 2004இல் அமெரிக்காவில் ஃபார்முலா டிரிஃப்ட் தொடங்கியது. சறுக்குகிறவனுக்கு நேராக ஓட்டத் தெரியாது என்று உன்னிடம் யாராவது சொன்னால், 1995 லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை எடுத்துச் சொல். ஜிடி2 பிரிவில் முதலிடம் பிடித்த ஹோண்டா என்எஸ்எக்ஸை மாறி மாறி ஓட்டிய மூவரில் இருவர், தகாஹாஷியும் சுச்சியாவும்.

கடிகாரம் போன இடத்தில் நடுவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். டிரிஃப்ட் போட்டிகளின் தகுதிச்சுற்றில் பொதுவாக ஒவ்வொருவரும் தனியாக ஓட்டவேண்டும். பாதையை முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள்: இந்த இடத்தில் சறுக்கத் தொடங்கு, உள்வளைவில் நிற்கும் அந்தக் குறியை முன்பக்க மூலையால் உரசுகிற மாதிரிப் போ, வெளிவிளிம்பில் தரையில் வரைந்திருக்கும் கட்டத்தைப் பின்பக்கத்தால் நிரப்பு. கோடு, கோணம், பாணி ஆகிய மூன்றுக்கும் மதிப்பெண். பின்பக்கம் ஒருகணம் நேராகிவிட்டாலோ, உன் வீடியோவில் சுற்றியது மாதிரி சுற்றிவிட்டாலோ அந்த ஓட்டம் போச்சு. புகைக்கென்று தனியாக மதிப்பெண் கிடையாது. அது டயர் செலவின் ரசீது.

கட்டற்ற ஆட்டம் என்று நினைத்துத்தான் உன் வயதுக்காரர்கள் இதற்குள் வருகிறார்கள். இருப்பதிலேயே கட்டுப்பாடு மிகுந்த ஓட்டம் இது. இன்னொருவர் தரையில் போட்டுக்கொடுத்த கோட்டில், அந்தக் கோட்டுக்கு வரவே விரும்பாத வண்டியை அழைத்துக்கொண்டு போகவேண்டும். இதில் உனக்கு ருசி இல்லையென்றால் ராலிக்குப் போ, சர்க்யூட் ரேஸுக்குப் போ, தப்பே இல்லை.

இன்னும் படித்துக்கொண்டிருக்கிறாய் என்றால் கைக்கு வருவோம். பின்பக்கம் வெளியே போனதும் முன்சக்கரங்கள் என்ன செய்யும் என்று கவனித்திருக்கிறாயா? வண்டியின் மூக்கு எங்கே பார்த்தாலும், வண்டி உண்மையில் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் திரும்பத்தான் அவை பார்க்கும். முன்சக்கரத்தின் திருகு அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருப்பதன் வேலை அது. மெக்கானிக்குகள் காஸ்டர் என்பார்கள். ஆக, எதிர்ப்பக்கம் திருப்பும் வேலையில் பெரும்பங்கை வண்டி தானாகவே செய்துவிடும். நீ செய்யவேண்டியது பிடியைத் தளர்த்துவது. பட்டம் விடுகிறவன் நூலை விரல்களுக்கு நடுவே ஓடவிட்டு, வேண்டிய இடத்தில் நறுக்கென்று பிடிப்பானே, அப்படி ஸ்டீரிங்கை உள்ளங்கையில் ஓடவிட்டுப் பிடி. நீ கைக்கு மேல் கை போட்டுத் துரத்தினால் சக்கரம் உனக்கு முன்னால் போய்க்கொண்டே இருக்கும்.

பிடித்த பிறகு வண்டி உன் வலது காலில் இருக்கிறது. ஆக்ஸிலரேட்டரைக் கூட்டினால் பின்பக்கம் இன்னும் அகலும், வண்டி வெளிப்பக்கம் தள்ளும். குறைத்தால் பின்டயர் மெல்லப் பிடிக்கும், கோணம் சுருங்கும். பயந்துபோய் காலை வெடுக்கென்று எடுத்தாயானால் பின்டயர் ஒரே நொடியில் பிடித்துவிடும். முன்சக்கரமோ இன்னும் எதிர்ப்பக்கம் திரும்பியே இருக்கும். வண்டி மறுபக்கம் சாட்டை மாதிரி வீசும். சுவரில் போய் மோதுகிறவர்களில் பாதிப்பேர் இப்படிக் காலை எடுத்தவர்கள்தான் என்பது என் கணிப்பு.

சறுக்கலைத் தொடங்க வழிகள் பல. ஹேண்ட் பிரேக் எல்லாருக்கும் தெரியும். கிளட்சை மிதித்து, எஞ்சினை உறுமவிட்டு, சட்டென்று விட்டால் பின்சக்கரத்துக்கு ஓர் அடி விழும். அது கிளட்ச் கிக். வளைவுக்கு முன் பிரேக் போட்டு எடையை முன்னால் தள்ளினால் பின்பக்கம் இலேசாகிவிடும். இடது வளைவுக்கு முன்னால் வலப்பக்கம் ஒரு பொய்த் திருப்பம் கொடுத்து, எடையை ஊசலாடவிட்டு உள்ளே எறிவது இன்னொன்று, ராலிக்காரர்களின் சொத்து. இந்தக் கடைசி இரண்டுக்கும் எஞ்சின் பலமே தேவைப்படாது என்பதைக் கவனி.

குதிரைத்திறன் கேள்விக்கு அதிலேயே பதில் வந்துவிட்டது. சுச்சியாவின் பெயரோடு ஒட்டிப்போன ஏஇ86க்கு 1.6 லிட்டர் எஞ்சின். காகிதத்தில் 130 குதிரைத்திறன். எடை ஒரு டன்னைத் தொடாது. மறுகோடியில், 2016இல் மசாட்டோ கவாபாட்டா ஃபுஜைரா விமான ஓடுபாதையில் ஒரு ஜிடி-ஆரை மணிக்கு 304.96 கிலோமீட்டர் வேகத்தில் சறுக்கவிட்டு கின்னஸில் ஏறினார். ரசித்துவிட்டுப் போ. பழகுகிறவனுக்குச் சின்ன எஞ்சின்தான் வாத்தியார்; தப்பு செய்தால் அது வண்டியை நிறுத்திவிடும், பெரிய எஞ்சின் சுவர்வரை கொண்டுபோய்விடும்.

வண்டி விஷயத்தில் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு சங்கடம். இங்கே தெருவில் ஓடும் கார்களில் பெரும்பாலானவை முன்சக்கரத்தில் இழுப்பவை. அவற்றில் ஹேண்ட் பிரேக் போட்டால் பின்பக்கம் ஒருதரம் வீசும்; ஆக்ஸிலரேட்டரால் அதைத் தாங்கிப்பிடிக்க முடியாது. பின்சக்கரத்தில் உந்தும் வண்டி வேண்டும். பழைய கான்டெஸா கிடைத்தால் பாக்கியம். கிடைத்ததைச் சேகரிப்பாளர்கள் விடமாட்டார்கள். ஆம்னியும் பின்சக்கர வண்டிதான் என்று எழுதியிருந்தாய். உயரத்தையும் அகலத்தையும் பார், கவிழ்ந்துவிடும், வேண்டாம். உன் நண்பனின் பழைய பி.எம்.டபிள்யூ மோசமில்லை. ஆனால் சறுக்கல் தெரிந்தவுடன் எஞ்சினை அடக்கும் மின்னணுக் கட்டுப்பாட்டை முழுவதும் அணைக்க முடிகிறதா பார். சாதாரண டிஃபரன்ஷியல் எந்தச் சக்கரம் சுலபமாகச் சுழல்கிறதோ அதற்கே விசையைத் தாரை வார்க்கும். இரண்டு பின்சக்கரமும் சேர்ந்து சுழல லிமிடட் ஸ்லிப் வகை வேண்டும். வெல்ட் அடித்துப் பூட்டிவிட்டால் போதும் என்று ஒர்க்‌ஷாப்பில் சொல்வார்கள். வேலை செய்யும், மலிவும்கூட. அப்புறம் அந்த வண்டியை ரோட்டில் எடுக்காதே. மிச்சக் காசில் நல்ல சீட், நல்ல பெல்ட், ஹெல்மெட். டர்போவைப் பற்றி இப்போது பேசாதே.

எட்டு போட்டுத்தானே பைக் லைசென்ஸ் வாங்கினாய்? இதற்கும் அதுதான் பரீட்சை. தண்ணீர் தெளித்த காங்கிரீட் தரையில் ஒரு கோனைச் சுற்றி வட்டம். ஈரத்தில் வேகம் குறைவாகவே சறுக்கும், டயரும் மிஞ்சும். ஒரு பக்கம் சீக்கிரம் கைவரும், மறுபக்கம் முரண்டு பிடிக்கும். முரண்டு பிடிக்கும் பக்கத்துக்கு அதிக நேரம் கொடு. பிறகு இரண்டு கோன் வைத்து எட்டு. நடுவில் திசை மாறுகிற இடத்தில் காலை இலேசாகத் தளர்த்தி, எடை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போவதை இடுப்பில் உணர்ந்து, ஸ்டீரிங்கை ஓடவிட்டுப் பிடித்து, மறுபடி கால். இதெல்லாம் நடக்கும்போது உன் கண் அடுத்த கோனில் இருக்கவேண்டும். பல நேரம் அது முன்கண்ணாடியில் தெரியாது, பக்கவாட்டுக் கண்ணாடி வழியாகத்தான் தெரியும். முதலில் கழுத்து கூச்சப்படும்.

இனி இடம். லே-அவுட் ரோடு காலியாகத்தான் இருந்தது என்று எழுதியிருக்கிறாய். புகை கலைந்ததும் ஓரமாக ஒரு சைக்கிள் போவது உன் வீடியோவிலேயே தெரிகிறது. திரும்பப் போட்டுப் பார். அந்தப் பெரியவரை நீ பார்க்கவில்லை. சுற்றி நின்ற வண்டி உன்னைக் கேட்டுக்கொண்டா நின்றது? ரோட்டில் செய்கிறவரை எனக்கு எதுவும் அனுப்பாதே, பதில் வராது. மலைப்பாதையில் பிறந்த கலை என்று வாதாடாதே. அந்தப் பாதைக்காரர்களே டிராக்குக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை செட்டிப்பாளையத்திலும் டிராக் இருக்கிறது. போய், விசாரித்து, கட்டணம் கட்டி, ஆம்புலன்ஸ் நிற்கிற நாளில் ஓட்டு. தனியார் மைதானம் என்றால் சொந்தக்காரரின் அனுமதி கையெழுத்தாக வேண்டும்.

தனியாக ஓட்டுவது பாதிதான். டிரிஃப்டின் உச்சம் ஜோடி ஓட்டம். இரண்டு வண்டி, ஒன்று முன்னால், ஒன்று துரத்தும், அடுத்த ஓட்டத்தில் இடம் மாறும். முன்னால் போகிறவன் நடுவர் சொன்ன கோட்டை அப்படியே ஓட்டவேண்டும், நடுவில் தேவையில்லாமல் வேகம் குறைக்கக்கூடாது. துரத்துகிறவன் அவனுடைய கோணத்தையே தானும் எடுத்து, அவன் கதவோடு ஒட்டிக்கொண்டு போகவேண்டும். சமமாக இருந்தால் இன்னொரு முறை ஓடச்சொல்வார்கள். அயர்லாந்தின் ஜேம்ஸ் டீன் 2017, 2018, 2019 என்று தொடர்ந்து மூன்று வருடம் ஃபார்முலா டிரிஃப்ட் பட்டம் வென்ற ஓட்டங்களைத் தேடிப் பார். அவர் துரத்தும்போது மட்டும் பார். புகைக்குள் முன்வண்டியே மறைந்த பிறகும் இடைவெளி மாறாது. துரத்தும்போது முன்வண்டியின் பம்பரைப் பார்க்காதே, முன்சக்கரத்தைப் பார்; அவன் அடுத்து என்ன செய்யப்போகிறான் என்பதை அதுதான் முதலில் காட்டும். இது சொல்லிவைக்கிறேன், அவ்வளவுதான். எட்டு போட வராதவனை யாரும் தன் கதவுப் பக்கம் விடமாட்டார்கள், நானும் விடமாட்டேன்.

ஜப்பான். ஃபுகுஷிமா மாகாணத்தில் நிஹோன்மட்சு பக்கம் மலைமேல் எபிசு சர்க்யூட் இருக்கிறது. பக்கத்திலேயே சஃபாரி பூங்கா, சிங்கம் புலியெல்லாம் உண்டு. 2021 பிப்ரவரி நிலநடுக்கத்தில் மலை சரிந்து டிராக்கை மூடியது. மண்ணை அள்ளிவிட்டு மறுபடி ஓட்டுகிறார்கள். அங்கே ‘மட்சூரி’ என்று டிரிஃப்ட் திருவிழா நடக்கும். நேற்றுக் கற்றவனும் பழம் தின்று கொட்டை போட்டவனும் ஒரே டிராக்கில் இரவுவரை ஓட்டுவார்கள். நமக்கு ஒரு வசதி: ஜப்பானிலும் ஸ்டீரிங் வலப்பக்கம்தான். கியரும் ஹேண்ட் பிரேக்கும் உன் இடது கைக்குப் பழகிய இடத்திலேயே இருக்கும். போகலாம், கட்டாயம் போகவேண்டும். ஆனால் விமான டிக்கெட்டுக்கும் டயருக்கும் கொட்டிக்கொடுத்துவிட்டு, வட்டம் போடுவதை அங்கே போய் ஆரம்பிக்காதே. இரண்டு பக்கமும் எட்டு வந்தபின் எழுது, யாரைப் பிடிக்கலாம் என்று சொல்கிறேன்.

அடுத்த மாதம் மழை பிடித்துவிடும், தண்ணீர் தெளிக்கிற செலவு மிச்சம். அனுமதியோடு ஒரு மைதானம் ஏற்பாடு செய்தால் நானும் வருகிறேன். பழைய பின்டயர் இரண்டு ஜோடி, ஜாக்கி, வீல் ஸ்பேனர், கோன் நான்கு எடுத்துவை. விசில் அடிக்கிற பையன்களை வீட்டிலேயே விட்டுவிட்டு வா.

அன்புடன்,
அண்ணன்