மேலாண்மை நுழைவுத் தேர்வு: மதிப்பெண்ணும் முயற்சியும்

இந்திய மேலாண்மைக் கழகங்களில் சேர்வதற்கான ‘கேட்’ எனும் பொது நுழைவுத் தேர்வு, வணிகவியல் மாணவர்க்கே உரியது என்னும் எண்ணம் நம்மிடையே நிலவுகிறது. அது பொருந்தாது. எந்தத் துறையிலும் 50 விழுக்காட்டு மதிப்பெண்ணுடன் பட்டம் பெற்றோர் (பட்டியலினத்தார், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள் ஆகியோர்க்கு 45 விழுக்காடு) இதனை எழுதலாம். தமிழிலக்கியம் பயில்வோர்க்கும் இவ்வாயில் திறந்தே உள்ளது.

ஆங்கில வாசிப்பு, தரவு விளக்கமும் தருக்கமும், கணிதத் திறன் என இத்தேர்வு முப்பகுதிகளை உடையது. 2024ஆம் ஆண்டில் முறையே 24, 22, 22 வினாக்கள் இடம்பெற்றன. பகுதி ஒன்றுக்கு 40 நிமிடங்கள். சரியான விடைக்கு 3 மதிப்பெண். நான்கு விடைகளுள் ஒன்றைத் தெரிவு செய்யும் வினாவில் தவறினால் 1 மதிப்பெண் கழியும். விடையைத் தாமே தட்டச்சு செய்யும் வினாவில் கழிவில்லை.

இதன் உட்பொருளை எண்ணிப் பார்ப்போம். தெரிவு வினாக்களில் ஒருவர் 12 எழுதி, 10 சரியாகவும் 2 தவறாகவும் விடையளித்தால் பெறுவது 28. மற்றொருவர் 20 எழுதி, 11 சரியாகவும் 9 தவறாகவும் விடையளித்தால் பெறுவது 24 மட்டுமே. மிகுதியாக எழுதியவரே பின்தங்குகிறார்! ஆயின், ஒரு விடையேனும் பொருந்தாதென உறுதியாக நீக்க இயலுமாயின், எஞ்சியவற்றுள் ஒன்றைத் தெரிவு செய்தல் சராசரியில் ஆதாயமே தரும்.

அடுத்து, நூற்றுமானம் என்பது மதிப்பெண் விழுக்காடு அன்று. ஓரிலட்சம் பேர் எழுதிய தேர்வில் ஆயிரமாவது இடம் பெற்றவர்க்கு நூற்றுமானம் 99. அவர் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பெற்றார் என்பது அதன் பொருளன்று. தம்முடன் எழுதியோருள் அவர் எந்நிலையில் உள்ளார் என்பதையே அது காட்டும்.

பல மேலாண்மைக் கழகங்கள் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியே குறைந்தபட்ச நூற்றுமானத்தை வரையறுக்கின்றன. ஆகவே, கணிதத்தில் எத்துணை வல்லவராயினும், ஆங்கில வாசிப்பைப் புறக்கணித்தவர் வாயிலிலேயே நின்றுவிட நேரும். தமிழ்வழி பயின்ற நம் மாணவர்கள் கருத்திற்கொள்ள வேண்டிய இடம் இதுவே.

தேர்வு நவம்பர் இறுதியில் நடைபெறுவதால், சூன் திங்களில் பயிற்சியைத் தொடங்குதல் நன்று. முதலில் ஒரு மாதிரித் தேர்வெழுதி, நலிந்த பகுதியைக் கண்டறிதல் வேண்டும். முதல் மூன்று திங்கள்களில் அடிப்படைக் கணிதமும் நாள்தோறும் ஒரு மணிநேர ஆங்கிலக் கட்டுரை வாசிப்பும் அமைக. பின்னர் வாரம் ஒரு மாதிரித் தேர்வு போதும். ஆனால், அதனை எழுதிய நேரத்தினும் மிகுதியான நேரத்தை அதன் பிழைகளை ஆராய்வதற்குச் செலவிடுக. அறியாமையால் நேர்ந்த பிழை, அவசரத்தால் நேர்ந்த பிழை, விட்டுவிட வேண்டிய வினாவைத் தொட்டதால் நேர்ந்த பிழை எனப் பகுத்துக் குறிப்பேட்டில் எழுதி வருக.

எதை எழுதுவது என்பதைப் போலவே எதை விடுப்பது என்பதும் அறிவே. அவ்வறிவு பயிற்சியால் கைவரும்.